ஒரே பிள்ளை, இரண்டு கேள்வி

(ஹட்டனில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டிசம் என்ற பெயர் இப்போது நம் தோட்டங்களிலும் காதில் விழுகிறது. ஏ.டி.எச்.டி. என்பதை ஆசிரியர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம் என்பதுதான் இன்னும் பரவலாகத் தெரியாத செய்தி. ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். மற்றது பிள்ளைக்குள் இருந்தபடி அவனைப் படாத பாடு படுத்துகிறது. அந்தப் பாட்டை எல்லாம் அவனுடைய குணம் என்று நாம் எழுதிவிடுகிறோம். முரடன், சோம்பேறி, செல்லம் கூடியவன் என்று பெயர் வைக்கிறோம். இந்த அநியாயம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளை மற்றவர்களோடு பழகும் விதமே வேறாக இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். வேண்டியதை விரலால் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். பேச்சு பிந்தலாம். பேச்சு நன்றாக வந்த பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரே விஷயத்தை நாள் முழுக்கப் பேசலாம். அதே பாதை, அதே கோப்பை, அதே ஒழுங்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். சத்தம், வெளிச்சம், துணி, வாசனை என்று ஏதாவது ஒன்று அதற்குத் தாங்க முடியாததாக இருக்கும்.

ஏ.டி.எச்.டி. என்பது அவதானத்தையும் உடலின் வேகத்தையும் அடக்கி நடத்துவதில் மூளைக்கு உள்ள சிரமம். இருந்த இடத்தில் இருக்க முடியாது. சொன்னதில் பாதி மறந்துபோகும். வரிசையில் நிற்க முடியாது. கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும். துள்ளித் திரியாமல் ஜன்னலைப் பார்த்தபடி எங்கோ போய்விடுகிற பிள்ளைகளும் இதில் உண்டு. அவர்களை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவர்களால் வகுப்புக்குத் தொந்தரவு இல்லை.

இரண்டும் எவ்வளவு அடிக்கடி சேர்ந்து வருகின்றன? ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். 2019இல் லான்செட் மனநல இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஓட்டிசம் உள்ளவர்களில் 100க்கு 28 பேருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருந்தது. இதைவிடக் கூடுதலாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு. மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் இதை அபூர்வம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரியவிடாமல் வைத்தது ஒரு விதி. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல்தான் உலகெங்கும் வைத்தியர்கள் புரட்டுகிற நூல்களில் ஒன்று. 1994இல் வந்த அதன் நான்காம் பதிப்பு, ஓட்டிசம் என்று எழுதிய பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்றும் எழுதக்கூடாது என்றது. 2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்தத் தடையை எடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலும் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்து எழுத இடம் தரும் புதிய பட்டியல் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் இன்று முப்பது வயதில் இருக்கும் ஒருவரை அவருடைய தாய் சின்ன வயதில் எந்தப் பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும், விதிப்படி ஒன்றைத்தான் எழுதியிருப்பார்கள். அந்த விதியைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வைத்தியசாலைகளிலும் கல்வித் திணைக்களத்திலும் இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. விதி மாறிவிட்டது, பழக்கமும் மாற வேண்டும் என்கிறேன்.

இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

நான் படிப்பித்த ஒரு பையனைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். தரம் 3. ஹட்டன் மஸ்கெலியா பாதையில் ஓடும் பஸ்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். எந்த பஸ் எத்தனை மணிக்கு நோர்வூட்டைத் தாண்டும், எது எங்கே திரும்பும் என்று கேட்டால் தட்டுத் தடுமாறாமல் சொல்வான். அதே பையன் கொப்பியைத் தினமும் எங்காவது விட்டுவிட்டு வருவான். காலையில் முதல் பாடம் கணிதம். ஆசிரியை வராமல் அந்த நேரத்தில் சித்திரம் நடந்தால் மேசைக்குக் கீழே புகுந்து அழுவான். சரி, கணிதமே நடக்கட்டும் என்றால், பத்து நிமிடத்தில் எழுந்து கதவடியில் நிற்பான். மாற்றினாலும் தாங்காது, மாற்றாவிட்டாலும் தாங்காது. ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிய தீர்ப்பு ஒன்றுதான்: “நெனச்சா இருப்பான், நெனச்சா ஓடுவான்.”

அவன் நினைத்துச் செய்யவில்லை. ஓட்டிசம் மாறாத ஒழுங்கைக் கேட்கிறது. ஏ.டி.எச்.டி. புதிது புதிதாகக் கேட்கிறது. இரண்டும் அவனுடைய தேவைதான். ஒன்றுக்குத் தீனி போட்டால் மற்றது பட்டினி கிடக்கிறது. இப்படி ஒரு இழுபறியோடு பிள்ளை காலை ஏழரை மணிக்கு வகுப்புக்கு வருகிறது என்பதை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான சிரமங்களும் இருக்கின்றன. நம் மலையில் அவை எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள்.

சத்தம். நம் லயங்களுக்கும் பல பாடசாலைக் கட்டடங்களுக்கும் தகரக் கூரை. தென்மேல் பருவ மழை பிடித்தால் ஆசிரியரின் வாயசைவுதான் தெரியும், குரல் கேட்காது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்தச் சத்தம் உடம்பில் அடி விழுவது போல வலிக்கலாம். ஏ.டி.எச்.டி. இருந்தால் அத்தனை சத்தத்துக்குள்ளும் ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டும் இருந்தால், மழை நாளில் படித்தது ஒன்றும் தலையில் ஏறாது. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியும் வெடியும் சேர்ந்துகொண்டால், ஊரே கொண்டாடும்போது இந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு இருக்கும்.

துணி. நுவரெலியாக் குளிரில் சுவெட்டரைக் கழற்றி எறிகிற பிள்ளையை அடிக்காத வீடு குறைவு. கழுத்தில் உரசும் கம்பளி நூல் அந்தப் பிள்ளைக்குக் குளிரைவிடக் கொடுமை. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, கழுத்தில் இருக்கும் லேபலை வெட்டிவிட்டால் பல வீடுகளில் காலைச் சண்டை குறையும்.

தூக்கம். இரண்டு நிலையிலும் தூக்கம் பிந்தும், அடிக்கடி கலையும். ஒரு காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில் ஒரு பிள்ளை தூங்காவிட்டால் வீடே தூங்காது. விடிந்ததும் அம்மா மலைக்குப் போக வேண்டும். தூங்காத தாய்க்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

வேலைகளை வரிசைப்படுத்துவது. “கொப்பியை எடு, திகதி எழுது, இருபத்துநாலாம் பக்கத்தைத் திற” என்று ஒரே மூச்சில் சொன்னால் இந்தப் பிள்ளை கொப்பியை எடுத்துவிட்டு அப்படியே நிற்கும். மற்ற இரண்டும் காற்றோடு போய்விட்டன. எதிர்த்து நிற்கிறான் என்று நாம் நினைக்கிறோம்.

உணர்ச்சி. சின்ன ஏமாற்றத்துக்கும் பெரிய கொந்தளிப்பு வரும். அடங்க நேரம் எடுக்கும். அடங்கிய பிறகு பிள்ளையே வெட்கப்படும்.

இவ்வளவும் ஒன்றாக வரும்போது ஒன்று மற்றதை மறைத்துவிடுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை வலியப் போய்ப் பேசும், அதனால் “இவன் நல்லாப் பேசுறானே, ஓட்டிசம் எப்படி?” என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டிசத்தின் ஒழுங்கு ஏ.டி.எச்.டி.யின் மறதியை மூடிவிடுகிறது, அதனால் “பஸ் நேரம் ஞாபகம் இருக்கே, பாடம் மட்டும் ஏன் மறக்குது?” என்று அடிக்கிறார்கள்.

இதற்கு மேல் நம் தோட்ட வாழ்க்கை வேறு சில திரைகளைப் போடுகிறது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். அதனால் பிள்ளைக்குப் பேச்சு பிந்தினால், போசாக்குக் குறைவு, சரியாகிவிடும் என்ற பதில் தயாராக இருக்கிறது. போசாக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காதையும் சோதிக்க வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. அம்மா மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தால், எல்லாவற்றுக்கும் தாய் ஏக்கம் என்று முடிவு கட்டுகிறோம். ஏக்கம் உண்மை. பிள்ளை ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டாததற்கு அது மட்டும் காரணமாகாது. அம்மாயி பிள்ளையைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார், நூல் கட்டுகிறார். நம்பிக்கையில் நான் கை வைக்க மாட்டேன். நூலும் கட்டுங்கள், கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கப் போனதால், பிள்ளை மடுவம் என்ற தோட்டத்துக் காப்பகத்தில் விட்டதால், மலையேறி இறங்கிய வயிற்றோடு வேலை செய்ததால் பிள்ளைக்கு இது வந்தது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாய் பாசம் காட்டாததால் ஓட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கருத்து தவறென்று தள்ளப்பட்டுப் பல காலம் ஆகிறது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் பெரும்பாலும் பிறப்போடு வருபவை. மரபணுக்களின் பங்கு இரண்டிலும் பெரியது, அதில் ஒரு பகுதி இரண்டுக்கும் பொதுவானது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் பிள்ளைக்குக் கண்டுபிடிக்கும்போது, “எனக்கும் சின்னதில் இப்படித்தான்” என்று சில தகப்பன்மார் சொல்கிறார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

பெண் பிள்ளைகளை நாம் இன்னும் கூடுதலாகத் தவறவிடுகிறோம். ஓட்டிசம் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்றுதான் முன்பு கணக்குச் சொன்னார்கள். 2017இல் வந்த தொகுப்பாய்வு, நேரில் தேடிப் பார்த்தால் அது மூன்றுக்கு ஒன்றுக்குக் கிட்ட வருகிறது என்றது. தேடாததால் விடுபட்டவர்கள் பெண்கள். நம் வீடுகளில் மூத்த மகள் தண்ணீர் எடுக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், ரொட்டி சுட வேண்டும். அவள் மற்றப் பெண்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போலவே சிரிக்கவும் பேசவும் பழகிக்கொள்கிறாள். பாடசாலையில் “அமைதியான பிள்ளை” என்ற நற்சான்று கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் பையை எறிந்துவிட்டு அழுவது ஆசிரியைக்குத் தெரியாது. அடுப்பில் ரொட்டி கருகினால் அடி விழுகிறது. ஓட்டிசம் இருக்கிறதா, ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியையும் இவளைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பெரியவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் கடைக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பி வருகிற இளைஞன், ஒரு வேலையில் நிற்க மாட்டான் என்று பேர் எடுத்தவன், தன் நிரையில் யாரும் பிடிக்க முடியாத வேகத்தில் கொழுந்தெடுத்துவிட்டு நிறுவை நேரத்துக் கூட்டத்தில் நிற்க முடியாமல் சண்டை போடுகிறவர், இவர்களில் சிலர் பெயர் வைக்கப்படாத பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கிய ஒருவருக்கு, நாற்பது வயதில் காரணம் தெரிவதே ஓர் ஆறுதல்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

அந்தப் பஸ் பையனுக்கு நாங்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. அன்றைய பாடங்களைப் படமாக வரைந்து அவன் மேசையில் ஒட்டினோம். மாற்றம் இருந்தால் காலையிலேயே அந்தப் படத்தை எடுத்து வேறு படத்தை அவன் கையாலேயே ஒட்டச் சொன்னோம். இது ஓட்டிசத்துக்கு. கணித நேரத்துக்குள் கணக்கை மாற்றிக்கொண்டே இருந்தோம்: 7.10க்கு நோர்வூட்டில் ஏறினால் 7.45க்கு இறங்க எத்தனை நிமிடம்? ஐந்து கணக்கு முடிந்தால் கரும்பலகையைத் துடைக்க எழுந்து வரலாம். இது ஏ.டி.எச்.டி.க்கு. நேரமும் இடமும் மாறாது, உள்ளே இருக்கும் வேலை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நிலைக்கும் சேர்த்துச் சோறு போட இதுதான் வழி. கட்டளையை ஒவ்வொன்றாகச் சொன்னோம். மழை நாளில் அவனைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதிக் காட்டினோம். அவன் எல்லாப் பிள்ளைகளையும் போல ஆகிவிடவில்லை. வகுப்பில் இருந்தான், கற்றான். எனக்கு அது போதும்.

மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஓட்டிசத்தின் அடிப்படையை மாற்ற மருந்து இல்லை. ஏ.டி.எச்.டி.க்கு மெதைல்ஃபெனிடேட் என்ற மருந்தால் பலருக்குப் பலன் உண்டு. இரண்டும் உள்ள பிள்ளைகளில் பலன் குறைவு, பக்கவிளைவு கூடுதல். 2005இல் அமெரிக்காவில் ஓட்டிச வகைச் சிரமங்களோடு மிகைத் துடிப்பும் உள்ள 72 பிள்ளைகளிடம் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் பலன் கிடைத்தது. 18 வீதமானோர் பக்கவிளைவால் நிறுத்த வேண்டி வந்தது. ஆகவே வைத்தியருக்கு இரண்டும் தெரிந்தால்தான் அளவைச் சின்னதாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார். இரண்டையும் கேட்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆபத்து புரியாது. ஏ.டி.எச்.டி. சேர்ந்தால் நினைத்த கணத்தில் கால் ஓடிவிடும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் ஓரத்திலும் ஆற்றோரங்களிலும் எத்தனை லயங்கள் இருக்கின்றன! கதவுக்கு உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள். பக்கத்து வீடுகளிலும் பிள்ளை மடுவத்து ஆயம்மாவிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டாவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், வந்த பேச்சு எந்த வயதிலும் நின்றுபோனால், காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுள்ள 374 குழந்தைகளைப் பார்த்து, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டார்கள். வெளிநாட்டுக் கேள்விக்கொத்து நம் நாட்டுத் தாய்மாரிடம் பெரும்பாலான பிள்ளைகளைத் தவறவிட்டதையும் அதே ஆய்வு காட்டியது. அதன் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை இலங்கையிலேயே உருவாக்கினார்கள். எழுத வாசிக்கச் சிரமப்படும் தாயும் படத்தைப் பார்த்து “ஆமாம், இப்படித்தான்” என்று சொல்ல முடியும். நம் தோட்டக் கிளினிக்குகளுக்கு வர வேண்டியது அந்தப் படங்கள்தான்.

ஏ.டி.எச்.டி.யை எழுத, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும். அதுவும் வீடு, பாடசாலை போல இரண்டு இடங்களிலாவது. ஆகவே ஆசிரிய நண்பர்களே, உங்கள் கடிதம் இல்லாமல் வைத்தியரால் முடிவெடுக்க இயலாது. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். “குழப்படி” என்று எழுதாதீர்கள். எத்தனை நிமிடம் இருக்கிறான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறான், எதை மணிக்கணக்காகச் செய்கிறான், மாற்றம் வந்தால் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

கடைசியாக, பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பவை. ஹட்டனில் இருந்து கண்டிக்கு 70 கிலோமீற்றர் அளவு. பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற தாய்க்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது, மழையும் வளைவும் சேர்ந்த பஸ்ஸில் இந்தப் பிள்ளையோடு போகும் பாடு வேறு. போய்ச் சேர்ந்தாலும் தமிழில் பேச்சுச் சிகிச்சை தருபவர் அரிது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் தமிழ் பேசும் சிகிச்சையாளர்களை அரசு நியமிக்க வேண்டும். மலையக மாணவர்கள் ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைப் படிப்பைப் படிக்க உதவித்தொகை வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த இரண்டு நிலைகளையும் சேர்த்தே படித்துவிட்டு வெளியேற வேண்டும். உலக சுகாதார நிறுவனம், இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறது. விசேட வைத்தியர் இல்லாத ஊர்களில் தாதியரும் ஆசிரியரும் நடத்தக்கூடியது. ஒன்பது கூட்டங்கள், மூன்று வீட்டு வருகைகள். பிள்ளை மடுவத்து ஆயம்மாக்களையும் குடும்ப நல உத்தியோகத்தர்களையும் கொண்டு அதை இங்கே தமிழில் தொடங்கலாம். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேச்சுவார்த்தை நடத்தும்போது, கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று ஒரு வரியைச் சேர்க்கட்டும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமை உள்ளவர்களின் உரிமையைப் பேசுகிறது. அதே உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே நாம் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டியதைக் கேட்கிறோம்.

தாய்மாரே, அடுத்த கிளினிக்கில் வைத்தியர் ஒரு பெயரைச் சொல்லி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். “டொக்டர், மற்றதும் இருக்கா என்று பாருங்க” என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.